பெரியப்பாவுக்குக் கட்டம் இல்லை

டைனோசர் காணாமல் போய் இன்றோடு மூன்று நாள்.

துணி காயப்போடும் கொடியில் இல்லை. பீரோவின் மேல் இல்லை. கட்டிலுக்கு அடியில் மூட்டை அண்ணனால் குனிந்து பார்க்க முடியாது, முதுகு அந்த அளவுக்கு மடங்காது. அதனால் காணாமல் போன அன்றே தம்பி மகள் சிட்டுவை விட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் இல்லை.

"துவைக்கக் குடுத்திருக்கேன் மாமா" என்று செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டாள் தம்பி மனைவி.

"ஞாயித்துக்கிழமை பின்னி முடிச்சதைச் செவ்வாய்க்கிழமையே துவைக்கணுமா?"

"பிள்ளைங்க பொருள். தூசி இருக்கும்."

தூசியாம். குளித்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, மடியில் வெள்ளைத் துண்டை விரித்துவிட்டுத்தான் நூலையே தொடுவார் அவர். நாற்பத்தொரு நாள் அப்படித்தான் உட்கார்ந்தார். ஆறு வயசுப் பிள்ளை தலை வைத்துப் படுக்கவும், கட்டிக்கொள்ளவும், கோபம் வந்தால் ரெண்டு குத்துக் குத்தவும் தோதாக ஒரு டைனோசர் தலையணை. முதுகில் ஒன்பது முள். நாலு விதப் பச்சை. ஏன் நாலு என்றால், மனைவி வேலை செய்யும் ஸ்வெட்டர் ஃபேக்டரியில் கழித்துப் போட்ட நூல் அது, ஒரே பச்சையில் ஒரு கண்டு முழுசாகக் கிடைக்கவில்லை. கழுத்து மட்டும் லேசாக இடது பக்கம் திரும்பியிருக்கும். வலி மாத்திரை போட்ட ஒரு மத்தியானம் தூக்கத்தில் எண்ணிக்கை தப்பிப்போய் அப்படி ஆகிவிட்டது. "அது என்னைப் பாக்குது பெரியப்பா" என்று சிட்டு குதித்ததால் அவர் அதைப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி அதைக் கட்டிக்கொண்டு தனியாகவே தூங்கினாள் பிள்ளை. செவ்வாய்க்கிழமையிலிருந்து பழையபடி நடு ராத்திரியில் எழுந்து வந்து பெரியம்மாவின் பக்கத்தில் ஒண்டிக்கொள்கிறாள்.

மூட்டை அண்ணன் என்பது குடோனில் வைத்த பேர். முப்பது வருஷம் லாரிக்கும் குடோனுக்கும் நடுவே மூட்டை சுமந்தவர். ஆறு மாசம் முன்னால் லாரியில் சாய்த்து வைத்த பலகை வழுக்கியது. மூட்டையோடு விழுந்தார். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு முதுகுத் தண்டில் ஒரு வட்டு பிதுங்கிவிட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி ஒரே மாதிரிதான் சொல்லுவான். "இது எங்க அண்ணன். வீட்ல சும்மாதான் இருக்காரு."

மூட்டை அண்ணன் எத்தனையோ கனத்தைத் தூக்கியிருக்கிறார். அந்தச் 'சும்மா' அளவுக்கு எதுவும் கனத்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது யாராவது அந்த வார்த்தையை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றிப் பேச மாட்டார்களா என்று இருந்தது அவருக்கு. டைனோசர் முடிந்த அன்று, பேசுவார்கள் என்று நினைத்தார்.

பின்னக் கற்றுக்கொடுத்தது மனைவிதான். பொழுது போகாமல் ஆள் பைத்தியமாகிவிடப் போகிறார் என்ற பயத்தில் கொடுத்தாள். நிமிர்ந்த முதுகு வைத்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் நுழையவில்லை. எதிரே போட்டு உட்கார்ந்தார். கட்டிலில் அவள், நாற்காலியில் இவர். அவள் கை என்ன செய்கிறதோ அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அவளுடைய கொக்கி ஊசி வலது கையில். இவருக்கு எதிரே அது இடது பக்கம். இவரும் இடது கையிலேயே பிடித்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துத்தான் அவள் கவனித்தாள்.

"அட என் ராசா! தலைகீழாப் பின்னிக்கிட்டு இருக்கீங்களே. சுத்தெல்லாம் எதிர்ப்பக்கமாப் போகுது பாருங்க."

சாப்பிடுவது வலது கை, எழுதுவது வலது கை, மூட்டையில் இரும்புக் கொக்கியை வீசிக் குத்தித் தூக்கியதும் வலது கை. பின்னுவதற்கு மட்டும் அந்தக் கை வரமாட்டேன் என்றது. மாற்றிப் பார்த்தார், நூல் முடிச்சு விழுந்தது. "போகட்டும், டைனோசருக்கு வலதென்ன இடதென்ன" என்று விட்டுவிட்டார்கள் இருவரும்.

அப்படி விட்டது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

* * *

வியாழக்கிழமை காலை. சிட்டு சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தம்பி பார்சல் ஆபீசுக்குப் போயாயிற்று. தம்பி மனைவி பெரிய கடை ஒன்றில் பில் போடுகிறவள், ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். வீட்டில் சும்மா இருக்கிறவர் ஒருவர்தானே. டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். நடக்கத்தான் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று தெரு, ஒரு பாலம், நடுவே இரண்டு இடத்தில் நின்று முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூட வாட்ச்மேன் டப்பாவை வாங்கிக்கொண்டான். "ஹாலைப் பாத்துட்டுப் போங்க ஐயா. பெத்தவங்க செஞ்ச கைவேலையெல்லாம் வெச்சிருக்காங்க. ஒண்ணொண்ணும் சொக்க வைக்குது."

போனார். காகிதப் பூக்கள். பாட்டிலில் செய்த விளக்கு. மணி கோத்த திரை. எல்லாம் சுவரோரமாக இருந்தன. நடுவே தனி மேஜை, நீல விரிப்பு, அதன்மேல் கழுத்து லேசாக இடது பக்கம் திரும்பி, அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது டைனோசர். கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷம்தான் வந்தது. தொலைந்த பிள்ளையைக் கூட்டத்தில் கண்ட மாதிரி. இரண்டாவதாகத்தான் அட்டையைப் பார்த்தார்.

அவர் எழுத்துக் கற்றது முப்பத்தெட்டு வயசில். குடோன் ரசீதில் ஏமாந்து ஏமாந்து, ஒருநாள் ரோஷம் வந்து, மனைவியிடம் சிலேட்டோடு உட்கார்ந்தார். இன்றைக்கும் மனசுக்குள் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். மு, த, ல், முதல். ப, ரி, சு, பரிசு. அடுத்த வரியில், செய்தவர். அதற்குப் பக்கத்தில் ஒரு பேர். அந்தப் பேரையும் எழுத்தெழுத்தாகக் கூட்டினார். கூட்டி முடித்த பிறகும் நம்பாமல் திரும்பவும் முதலிலிருந்து கூட்டினார்.

தம்பி மனைவியின் பேர்.

வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அவமானமும் வேகமாக வந்து போய்விடும். இவருக்கு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

டைனோசரின் வயிற்றில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கை தானாகப் போய் அதை நீவிவிட்டது.

"ஐயா, தொடாதீங்க, தொடாதீங்க!" என்று ஓடி வந்தாள் கைவேலை டீச்சர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். "நீங்க யாரு?"

"இது செஞ்ச... அந்தப் பிள்ளையோட பெரியப்பா."

"ஓ! சிட்டுவோட வீடா? என்ன கை அவங்க அம்மாவுக்கு! ஒரு கண்ணி இறுகலை, ஒரு கண்ணி தளரலை. இருபது வருஷமா சொல்லிக் குடுக்கறேன், எனக்கே இப்படி வராது."

முப்பது வருஷத்தில் அவர் வேலையைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை. சொன்ன ஒரு வார்த்தையும் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"ஆனா ஒரு விஷயம் ஐயா, பெரியவர்ங்கறதால சொல்றேன். பிள்ளையைக் கொஞ்சம் கண்டிக்கணும். வாய் திறந்தா பொய்."

"சிட்டுவா?"

"எங்க அம்மா பின்னலை, எங்க பெரியப்பா பின்னினாருன்னு வகுப்புல நின்னு அடம். மூட்டை தூக்கற பெரியப்பாவாம்! நாப்பது பிள்ளைங்களும் சிரிச்சுட்டாங்க. அவங்க அம்மாவை ஃபோன்ல கேட்டா, 'அவ கதை கட்டுவா மிஸ், கண்டுக்காதீங்க'ன்னுட்டாங்க. அப்புறம் விடலாமா? 'நான் பொய் சொல்ல மாட்டேன்'னு இருபது தடவை எழுதிட்டு வரச் சொன்னேன்."

ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, பிள்ளை பொய் சொல்லலை. இதை நான்தான் பின்னினேன்."

டீச்சர் அவர் கையைப் பார்த்தாள். விரல் ஒவ்வொன்றும் கடப்பாறைப் பிடி போல. உள்ளங்கையில் இரும்புக் கொக்கி கிழித்த பழைய தழும்பு. அவள் முகத்தில் கேலி இல்லை, அன்பான சிரிப்புதான் வந்தது. அந்த அன்பு இன்னும் மோசமாக இருந்தது.

"பிள்ளைக்குப் பரிஞ்சு பேசறீங்க. புரியுது ஐயா. பெரியப்பான்னா அப்படித்தான் இருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒரு சின்னக் கேள்வி இருக்கு. இந்தச் சுத்தெல்லாம் எதிர்த்திசைல போகுது பாருங்க. இடது கைக்காரங்க பின்னினாத்தான் இப்படி வரும். செவ்வாய்க்கிழமை இதைக் குடுக்க வந்தப்ப அவங்க அம்மா கையெழுத்துப் போட்டது வலது கைல. கேட்டேன். எனக்கு ரெண்டு கையும் வரும்னாங்க. அப்படின்னா நாளைக்குப் பத்து மணிக்கு மேடைல உக்காந்து எல்லாப் பெத்தவங்களுக்கும் ஒரே ஒரு முள்ளு பின்னிக் காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் வந்து பாருங்க."

ஊசி கையில் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்து பின்னிக் காட்டியிருப்பார்.

வந்த வழியே திரும்பி நடந்தார். மூன்று தெரு, ஒரு பாலம். எங்கேயும் நிற்கவில்லை. முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

* * *

நாலு மணிக்குப் பள்ளி வேன் சிட்டுவை இறக்கிவிட்டது. வழக்கமாக வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். இரண்டு நாளாகச் சத்தமில்லாமல் வந்து ஷூவைக் கழற்றுகிறாள். அதைக் கவனித்தும் கேட்காமல் விட்ட தன்மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது.

"நோட்டை எடு சிட்டு."

"எந்த நோட்டு?"

"இருபது தடவை எழுதின நோட்டு."

பிள்ளை அவரைப் பார்த்தாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

நான் பொய் சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் ஐந்து வரி குண்டு குண்டாக, நேராக. பதினொன்றாவது வரியில் பென்சில் முனை உடைந்திருக்கிறது, தாள் கிழிந்திருக்கிறது. கடைசி வரிகள் கோட்டை விட்டுச் சரிந்து, சுமை தாங்காத ஆள்போலக் கீழே விழுந்துகொண்டிருந்தன. அடியில் டீச்சர் சிவப்பில் எழுதியிருந்தது: பெற்றோர் கையெழுத்து.

அதற்கு நேராக ஒரு கையெழுத்து. காலையில் அட்டையில் எழுத்துக் கூட்டிய அதே பேர்.

"அம்மாவா போட்டாங்க?"

"ஆமா. 'கையெழுத்துப் போட்டுக் குடும்மா, மிஸ் காலைல கேப்பாங்க'ன்னு நேத்து சொன்னேன். போட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பெரியப்பா... நான் பொய் சொன்னேனா?"

மூட்டை அண்ணன் அழுகிற ஆள் இல்லை. லாரியிலிருந்து விழுந்தபோதும் அழவில்லை. இப்போது நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லடா தங்கம். நீ சொல்லலை. பெரியவங்க சொன்னோம்."

ஐந்தரைக்கு மனைவி வந்தாள். தலைமுடியில் ஃபேக்டரிப் பஞ்சு ஒட்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதைத் தட்டக்கூட இல்லை.

"அவ வரட்டும். நான் கேக்கற கேள்வில..."

"நீ கேக்காதே."

"ஏன்? உங்களை மாதிரி வாயை மூடிக்கிட்டு..."

"நான் கேக்கறேன். நீ பக்கத்துல நில்லு. போதும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

* * *

ஏழு மணிக்குத் தம்பியும் தம்பி மனைவியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். நாள் முழுக்க நின்றதில் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே மேஜைமேல் விரித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"அது... அவ குறும்பு பண்ணினா. அதுக்கு டீச்சர் குடுத்த தண்டனை."

"என்ன குறும்பு?" என்றார்.

அவள் நோட்டை மூடப் போனாள். அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"பள்ளிக்கூடத்து ஹால்லதான் துவைக்கறாங்களா டைனோசரை? நல்லா வெளுத்திருக்கு. ரிப்பனெல்லாம் கட்டி."

தம்பிதான் முந்திக்கொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் சுருக்கென்று தைத்தது.

"அண்ணா, விடுங்கண்ணா. ஒரு பொம்மைக்குப் போய் வீட்டை ரெண்டாக்கணுமா? அவ ஆசையா வெச்சுட்டா. நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க, இன்னொண்ணு பின்னிட்டாப் போச்சு."

"சும்மாவா?"

அவர் கத்தவில்லை. ஆனால் அடுப்படியில் தண்ணீர் எடுக்கப்போன மனைவி செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"வா இங்கே. இந்தச் சுவத்தைப் பாரு. கோடு கோடாப் போட்டு அசிங்கம் பண்றேன்னு போன மாசம் சொன்னியே, அந்தக் கோட்டைப் பாரு. மூட்டை எண்ணுற மாதிரி எண்ணியிருக்கேன். நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. தலைக்குப் பதினெட்டுச் சுத்து. கழுத்துக்கு இருபத்தாறு. வயித்துல பெரிய சுத்துக்கு நூத்தி இருபது கண்ணி. ஒண்ணு தப்பினாலும் பிரிச்சேன். மூணு தடவை வாலை முழுசாப் பிரிச்சேன். ஒரு மணி நேரம் உக்காந்தா முதுகுல கம்பியை விட்டுக் குடையற மாதிரி இருக்கும். எழுந்து சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே பின்னுவேன். கை வெடிப்புல நூல் மாட்டும். வாசலின் தடவிட்டு உக்காருவேன். இதுக்குப் பேரு சும்மாவாடா? உன் பார்சல் ஆபீஸ்ல உனக்கு ஃபேன் போட்டுக் குடுத்து நாற்காலி குடுத்திருக்காங்களே, அதுக்குப் பேரு என்னடா?"

தம்பி கோடுகளை எண்ணுவதுபோலச் சுவரையே பார்த்தான்.

"மாமா" என்றாள் தம்பி மனைவி. குரலில் ஒரு ஆத்திரம் இருந்தது. கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் போட்டாள். பள்ளிக் கைவேலைப் போட்டிக்கான நிரப்பாத விண்ணப்பம். "ரெண்டு குடுத்தாங்க. இதைப் பாருங்க. செய்தவர்னு போட்டு ரெண்டே ரெண்டு கட்டம். அப்பா ஒரு கட்டம், அம்மா ஒரு கட்டம். பெரியப்பாவுக்குக் கட்டம் இல்ல மாமா. நான் என்ன பண்ணட்டும்? எல்லா அம்மாவும் ஒரு மாசமா ஏதேதோ ஒட்டறாங்க, தைக்கறாங்க. நான் ஏழு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வர்றவ. அங்கே எனக்கு என்ன பேர் தெரியுமா? 'பாக்கெட் அம்மா.' எதைக் கேட்டாலும் கடைல பாக்கெட்டா வாங்கிக் குடுத்து அனுப்பறவளாம். என் காது பட சிரிக்கறாங்க. ஒரு நாளாவது அந்த வாயெல்லாம் அடைபடட்டும்னு..."

அவள் அழ ஆரம்பித்தாள். பொய் அழுகை இல்லை. மூட்டை அண்ணனுக்கு அது தெரிந்தது. தனக்குச் 'சும்மா', அவளுக்குப் 'பாக்கெட்'. ஒரு வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு மூட்டையோடு நின்றிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் அவர் கோபம் தடுமாறத்தான் செய்தது.

பிறகு நோட்டின் பதினொன்றாவது வரி கண்ணில் பட்டது.

"என் பேரை நீ எடுத்துக்கிட்டது கிடக்கட்டும்மா" என்றார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நிஜமாச் சொல்றேன், குடுத்திருப்பேன். இந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லுச்சு. அதை நாப்பது பேர் நடுவுல பொய்யாக்கினே. பொய்க்குத் தண்டனையா உண்மை சொன்னவளை எழுத வெச்சாங்க. இருபது தடவை. அதுக்குக் கீழே கூசாமக் கையெழுத்தும் போட்டே. எழுத்துத் தெரியாம முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். எழுத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

உள் அறையின் கதவிடுக்கில் சிட்டுவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"தப்புத்தான் மாமா" என்றாள் தம்பி மனைவி. "ஆனா நாளைக்கு... நாளைக்கு ஒரு நாள் மட்டும் காப்பாத்துங்க. ஒரு முள்ளு பின்னிக் காட்டணுமாம். இப்பவே சொல்லிக் குடுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்து கத்துக்கறேன். அதுக்கப்புறம் நான் டீச்சர்கிட்ட மெதுவாப் பேசிக்கறேன்."

சொல்லிக்கொண்டே கட்டிலின் விளிம்பில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

அவருக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. அவர் மனைவிக்கும் அதே நேரத்தில் விளங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எதிரே உட்கார்ந்து கற்றால் இவளுக்கு ஊசி வலது கையில்தான் போகும். சுற்று நேராக வரும். டைனோசரின் முதுகில் இருக்கிற ஒன்பது முள்ளுக்கும் எதிராகச் சாய்ந்து நிற்கும் பத்தாவது முள். மூக்குக் கண்ணாடி டீச்சர் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கண்ணில் மாட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான். இவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். வாய் பேசாமல் ஊசியை எடுத்தால் போதும். நாளைக்குப் பத்து மணிக்கு மேடையில் எல்லார் கண்ணுக்கு முன்னாலும் அவளே அகப்பட்டுக்கொள்வாள்.

மனைவி ஊசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சொல்லிக் குடுங்களேன்" என்றாள். குரலில் தேன்.

ஊசி அவர் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. மூட்டைக்கு அடியில் கால் மாட்டிக்கொண்ட ஆளை வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறவன் குடோனில் எப்போதும் ஒருத்தன் இருப்பான். அவனை யாருக்கும் பிடிக்காது. இவருக்கும் பிடித்ததில்லை.

ஊசியை மேஜைமேல் வைத்தார்.

"எதிர்ல உக்காந்து கத்துக்கிட்டா மாட்டிக்குவே. நான் அப்படிக் கத்துக்கிட்டதாலதான் சுத்து தலைகீழாப் போகுது. நீ பின்னினா அது நேராப் போகும். பக்கத்துல உக்காந்தா இடது கைல பிடிக்கணும், அது ஒரு ராத்திரில வராது. ரெண்டு வழியும் அடைச்சுக் கிடக்கு. தெரிஞ்சே உன்னைத் தள்ளிவிட எனக்கு மனசு வரலை."

"அடப்பாவி மனுஷா" என்று முணுமுணுத்தாள் மனைவி. ஆனால் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"பேனா குடு."

தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மூட்டை அண்ணன் அந்த வெற்று விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். மனைவியின் இரும்பு ஸ்கேலை வைத்து, அம்மா என்ற கட்டத்துக்குக் கீழே, மெதுவாக நாலு கோடு போட்டார். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. மூன்றாவது கட்டம். அதற்கு நேராக எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு.

பெரியப்பா.

கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டார். தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"கீழே பெற்றோர் கையெழுத்துன்னு இருக்கு. அது நான் போட முடியாது, நீதான் போடணும். காலைல நீயே கொண்டு போய்க் குடு. மேடைல நான் உக்காந்து பின்னறேன்."

அவள் தாளைப் பார்த்தாள். "அத்தனை அம்மாங்க முன்னாடி... நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன் மாமா?"

"நாப்பது பிள்ளைங்க முன்னாடி உன் பொண்ணு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நின்னுச்சோ, அதை வெச்சுக்கோ."

தம்பி தரையைப் பார்த்தான். "அவ போடலைன்னா?" என்றான் மெல்ல.

"நோட்டும் தாளும் என் கைல வரும். நான் நடந்து போவேன். டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்காரு."

கதவு கிறீச்சிட்டது. சிட்டு வெளியே வந்து மேஜையில் மோவாயை வைத்துத் தாளைப் பார்த்தாள். பெரியப்பாவைப் போலவே அவளும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"பெ... ரி... ய... ப்... பா. இது யார் எழுதினது? கோணலா இருக்கு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளை அந்தப் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அம்மாவின் விரல்களைப் பிரித்து உள்ளே வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடும்மா" என்றாள். "மிஸ் காலைல கேப்பாங்க."

புதன்கிழமை சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல்.

பேனாவின் முனை தாளைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு மைப்புள்ளி விழுந்து, மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. தம்பி மனைவியின் கை நகரவில்லை.